சனிக்கிழமைப் பேக்கன்

லிஃப்ட்காரர் இரண்டு வருஷமாக மனைவியின் தலைமேல் பொய்ச் சத்தியம் செய்துவந்தார். ஏதோ ஒரு தடவை வாய் தவறி வந்துவிட்டது என்றால் மன்னித்துவிடலாம். இவர் சனிக்கிழமை தோறும், பல் தேய்க்கிற ஒழுங்கோடு செய்தார்.

"வெளிய எதுவும் சாப்பிடலையே?" என்று கதவைத் திறந்ததும் அவள் கேட்பாள்.

"உன் மேல சத்தியமா, பேக்கன்னு ஒரு துண்டை நாக்குல வைக்கல" என்று இவர் செருப்பை உதறிவிட்டு, அவள் தலையில் கை வைத்துச் சொல்வார். சொல்லும்போது வாய் ஏலக்காய் மணக்கும். கையில் சோப்பு மணக்கும். சாதாரணமாக ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் கையில் கிரீஸ் வாடைதான் அடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் விழுந்து, இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு எழுந்து வந்த மனிதர் அவர். அனுப்பும்போது டாக்டர் அவரைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்துத்தான் பேசினார். "எண்ணெய் கம்மி, உப்பு கம்மி. பன்னிக்கறியை உப்புல ஊறப்போட்டு, புகை காட்டி, கொழுப்போட வறுக்கறாங்களே, அந்த பேக்கன், அதை இவர் கண்ணாலகூடப் பாக்கக் கூடாதும்மா." அவள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். இவரும் அழுதார். அவள் அழுதது புருஷனுக்காக. இவர் எதற்காக அழுதார் என்று விசாரிக்காமல் விடுவதே நல்லது.

ஏனென்றால் சனிக்கிழமை மதியம் ஒரு பேக்கன் தக்காளி சாண்ட்விச் என்பது அவருக்கு வெறும் சாப்பாடு அல்ல. வாரம் முழுக்க இருட்டுக் குழிகளுக்குள் தொங்கிக்கொண்டு கம்பிக் கயிறுகளுக்கு எண்ணெய் போடுகிறவருக்கு, வெளிச்சத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துத் தின்ன ஒன்று வேண்டியிருந்தது. வீடு திரும்பிய ஒரு மாதத்திலேயே பழைய ரொட்டிக் கடைக்குக் கள்ளத்தனமாகப் போய் நின்றார். கடைக்காரம்மா முறைத்துக்கொண்டேதான் கொடுத்தாள். அடுத்த வாரம் என்ன நினைத்தாளோ, ஒன்றும் சொல்லாமல் தட்டை நீட்டினாள். அன்றிலிருந்து சனிக்கிழமை திருட்டோடு வாசலில் கேள்வியும் சத்தியமும் சேர்ந்துகொண்டன.

திருட்டு இனித்தாலும் பயம் இல்லாமல் இல்லை. மனைவிக்குத் தலைவலி என்றால் போதும், மனிதர் வெலவெலத்துப் போவார். பொய்ச் சத்தியம் பலித்துவிட்டதோ என்ற நினைப்புதான். தைலத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, அவள் தலையை மடியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, "இப்ப எப்படியிருக்கு? இப்ப?" என்று நச்சரிப்பார். பாத்திரமும் அவரே கழுவுவார். கல்யாணமான புதிதில்கூட அவளுக்கு அப்படி ஓர் உபசாரம் கிடைத்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவரும் அவர் கூட்டாளி ஒட்டடையும் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்டைச் சோதித்தார்கள். ஒட்டடைக்கு வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. ஒட்டடைக் குச்சி மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்ததால் அந்தப் பெயர், அதையே பெண்டாட்டி பிள்ளைகளும் கூப்பிடுகிற அளவுக்கு நிலைத்துவிட்டது. லிஃப்ட் அளவுக்கு மீறி வேகமாகக் கீழே இறங்கினால், பெட்டிக்கு அடியில் இருக்கும் பிடி தானாகவே இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்வி நிறுத்திவிடும். அந்தப் பிடி சரியாகக் கவ்வுகிறதா என்று பார்ப்பதுதான் அன்றைய வேலை. கவ்வியது. மேலே ஏறி இறங்குகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

வேலை முடிந்ததும் இருவரும் தெருவைக் கடந்து ரொட்டிக் கடைக்கு வந்தார்கள். கல்லாவில் வழக்கமான கடைக்காரம்மா இல்லை. கண் ஆபரேஷனுக்குப் போயிருக்கிறாளாம். அவள் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள், ஏப்ரனை இறுக்கிக் கட்டி, யாராவது ஏதாவது குறை சொன்னால் பார்த்துக்கொள்கிறேன் என்கிற முகத்தோடு.

"எப்பவும் போல ஒண்ணு" என்றார் லிஃப்ட்காரர்.

"எப்பவும் போலன்னா?"

இதற்காகவே காத்திருந்தவர் போல அவர் ஆரம்பித்துவிட்டார். "ரொட்டியை ஒரு பக்கம் மட்டும் வாட்டணும்மா. வாட்டின பக்கம் உள்ள போகணும், மெத்துன்னு இருக்கற பக்கம் வெளிய. இல்லேன்னா அண்ணம் கிழிஞ்சிரும். தக்காளி ஃப்ரிட்ஜ்ல வச்சதா இருக்கக் கூடாது. விரல் தடிமனுக்கு நறுக்கி, உப்பு மிளகு தூவி, கொஞ்ச நேரம் தண்ணி விட விடணும். பேக்கன் மொறுமொறுன்னு. கடிச்சா சத்தம் எதிர் நாற்காலிக்குக் கேக்கணும்."

"வாங்க, நீங்களே வந்து போட்டுக்கங்க" என்றாள் நாத்தனார்.

கடையில் இருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள்தான். எதிர்வரிசையில் கண்ணாடிக் கடைக்காரர், சுவரோரம் தபால்காரம்மா. இவருடைய பேக்கன் பிரசங்கத்தை வாரா வாரம் கேட்டவர்கள். நல்ல பேக்கனை எப்படி முகர்ந்து கண்டுபிடிப்பது, கொழுப்பு எவ்வளவு இருக்க வேண்டும், மட்டமான சரக்குக்கும் உயர்ந்த சரக்குக்கும் நாக்கில் என்ன வித்தியாசம் என்றெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு விளக்குவார். போன மாதம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது அதையும் இங்கேதான் பீற்றிக்கொண்டார். "வாரம் தவறாம தின்றேன். கொழுப்பு பாதியா இறங்கியிருக்கு! டாக்டருக்கே ஆச்சரியம். இவங்களுக்கெல்லாம் என்னய்யா தெரியும்?" அன்றைக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்குப் புரையேறி, தபால்காரம்மா முதுகைத் தட்டிவிட வேண்டியிருந்தது.

ஒட்டடைக்குப் போன் வந்தது. அவன் வெளியே போனான். தட்டு வந்தது.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ரொட்டி வெளியே மெத்தென்று. தக்காளி சிவந்து பிதுங்கியது. லிஃப்ட்காரர் இரண்டு கையாலும் எடுத்து, கண்ணை மூடி, ஒரு பெரிய கடியாகக் கடித்தார்.

கண் திறந்துகொண்டது.

மென்று பார்த்தார். இன்னொரு கடி கடித்தார், சந்தேகத்துக்கு. மூன்றாவது, நான்காவது. ஒரே உப்பு. பல்லுக்கு இடையில் எதுவோ ரப்பர் மாதிரி இழுத்தது. கொழுப்பு உருகி மேலண்ணத்தில் படிந்து, தக்காளியின் புளிப்பையே கொன்றுபோட்டது.

"அம்மா! என்ன இது?"

"என்ன?"

"இது பேக்கனே இல்ல!"

கண்ணாடிக் கடைக்காரர் தட்டிலிருந்து மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"நல்லா மென்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள் நாத்தனார், கத்தியைக் கீழே வைத்துவிட்டு.

"மென்னுதான் சொல்றேன். எத்தனை வருஷமா இந்தக் கடையில தின்றேன், எனக்குத் தெரியாதா? போலிச் சரக்கு! கடைக்காரம்மா ஒரு நாள் இல்லேன்னா இப்படியா? யார் காதுல பூ சுத்தறீங்க?"

நாத்தனாருக்கு மூக்கு சிவந்தது. உள்ளே போய் ஒரு பெரிய இறைச்சிக் கட்டியையே தூக்கி வந்து மேசைமேல் தொப்பென்று போட்டாள். தோலும் கொழுப்பும் சதையும் வரிவரியாக, புகை வாசத்தோடு. "இது பன்னி இல்லாம பின்ன என்ன? காளானா?"

தபால்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒட்டடை உள்ளே வந்தான். லிஃப்ட்காரர் கையில் சாண்ட்விச், அதன் ஓரத்தில் வெள்ளையாகத் தொங்கும் கொழுப்பு, மேசைமேல் கட்டி. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "அண்ணே! வேணாம்ணே! கீழ வைங்க! துப்புங்க!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து சாண்ட்விச்சைப் பிடுங்கினான்.

"பாத்தியா? இவனுக்கே தெரியுது, கெட்டுப்போன சரக்குன்னு!" என்றார் லிஃப்ட்காரர் வெற்றியோடு.

நாத்தனார் போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். "அண்ணி, இங்க ஒருத்தர் நம்ம பேக்கன் போலின்னு ஊரைக் கூட்டுறார். லிஃப்ட் வேலை பாக்கறவராம்."

மறுமுனையில் கண் கட்டோடு படுத்திருந்த கடைக்காரம்மா அலறியது தெருவுக்கே கேட்டது. "ஐயையோ! அவருக்கு அதையா குடுத்தே? ஃப்ரிட்ஜ்ல கீழ்த்தட்டுல நீல டப்பா இருக்குமே, அவங்க வீட்டம்மா செஞ்சு குடுத்தது! அதைத்தானே அவருக்கு வைக்கணும்! எவ்வளவு தின்னார்? ஏய், எவ்வளவு தின்னார்?"

லிஃப்ட்காரர் பேயறைந்தவர் போல நின்றார். யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜ் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நீல டப்பா மேசைக்கு வந்தது.

அந்த டப்பாவை அவருக்குத் தெரியும். அவருடைய சாப்பாட்டு டப்பாதான் அது. உடைந்த மூடியை அவரே வேலைக்கு வைத்திருக்கும் சிவப்பு டேப்பால் மூன்று சுற்று சுற்றி ஒட்டியிருந்தார். எங்கேயோ தொலைந்துவிட்டது என்று மனைவி சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடியிருக்கிறார். அவளும் கூடவே குனிந்து தேடினாள். அதை நினைத்ததும்தான் அவருக்கு உண்மையில் தலை சுற்றியது.

மூடியைத் திறந்தார். மெல்லிய பழுப்புப் பட்டைகள், ஒழுங்காக அடுக்கப்பட்டு. முகர்ந்தார். புகை, கொஞ்சம் இனிப்பு, சோயா சாஸ். சனிக்கிழமை வாசம்.

"என்னது இது?" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

"காளான்ணே" என்றான் ஒட்டடை. "பட்டையாக் கிழிச்சு, ஊறவச்சு, ஓவன்ல காய வைக்கறாங்களாம் நம்ம அண்ணி."

"உனக்குத் தெரியுமா?"

ஒட்டடை கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்தான். அவர் தபால்காரம்மாவைப் பார்த்தார். தபால்காரம்மா பெருமூச்சு விட்டு, "எல்லாருக்கும் தெரியும் சார்" என்றாள்.

எல்லாருக்கும். லிஃப்ட்காரருக்குக் காது அடைத்தது. தான் கண்ணை மூடிக்கொண்டு செய்த பிரசங்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. 'இந்தக் கொழுப்பு இருக்கே, இது சாதாரணக் கொழுப்பு இல்ல' என்று காளானைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னது. 'பன்னி என்ன தின்னு வளந்துச்சுன்னுகூட நான் சொல்லிருவேன்' என்று சொன்னது. கொழுப்பு பாதியாக இறங்கியதற்கு டாக்டரைப் பரிகாசம் செய்தது. பூமி பிளந்து விழுங்கக் கூடாதா என்று இருந்தது.

அதற்குள் வேறொன்று உறைத்தது. கை தானாக நெஞ்சுக்குப் போனது. வயிற்றுக்குள் இப்போது இருப்பது நிஜம். இத்தனை நாள் செய்த சத்தியமெல்லாம் அவருக்கே தெரியாமல் சத்தியமாக இருந்திருக்கிறது. இன்றைக்குத்தான், நாலு வாயில், அதை உடைத்திருக்கிறார்.

"வீட்டுக்கு யாரும் போன் பண்ணக் கூடாது" என்றார். "நான் போய்ச் சொல்லிக்கறேன்." டப்பாவை எடுத்துக்கொண்டார்.

தெருவில் ஒட்டடை பின்னாலேயே வந்தான். கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. உங்களுக்கும் அடியில ஒரு பிடி மாட்டியிருக்காங்க, அவ்வளவுதான்" என்றான்.

"வாயை மூடு" என்றார் லிஃப்ட்காரர். ஆனால் கையை ஓங்கவில்லை.

வழி நெடுகக் கோபத்தைச் சேர்த்துக்கொண்டு போனார். என்னை ஊர் சிரிக்க வைத்துவிட்டாளே என்று ஒரு பேச்சு. என் ஒரே சந்தோஷத்தைப் பொய்யாக்கிவிட்டாளே என்று இன்னொன்று. அதைச் சொல்லும்போது குரலை எங்கே உயர்த்துவது என்றுகூட முடிவு செய்துவைத்தார். பொய் சொல்லிப் பிடிபட்டவனுக்கு வருகிற கோபத்துக்கு இணை கிடையாது.

கதவு திறந்தது. "வெளிய எதுவும் சாப்பிடலையே?" என்றாள்.

பழக்க தோஷம், கை அவள் தலையை நோக்கி எழும்பியது. பாதியில் நின்றது. தயாராக வைத்திருந்த பேச்சில் ஒரு வார்த்தை கூட வரவில்லை.

"சாப்ட்டேன்" என்றார். "நாலு வாய். நிஜப் பேக்கன்."

அவள் முகம் வெளுத்ததைப் போல ஒரு முகம் வெளுத்து அவர் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில்கூட அவர் கண் மூடிக் கிடந்ததால் பார்க்கவில்லை. அவள் அவர் மணிக்கட்டைப் பற்றி நாடியில் விரலை வைத்தாள்.

"எப்படி? அவங்க எப்படிக் குடுத்தாங்க? நான் அவ்வளவு தூரம்..." என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தினாள். அவர் கையில் நீல டப்பா.

அவர் அதை மேசைமேல் வைத்தார்.

வாரா வாரம் அவள் கேட்ட கேள்வி தன்னைச் சோதிக்க அல்ல என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. இந்த வாரமும் ஏற்பாடு பிசகாமல் நடந்ததா என்று தெரியாமல் மதியத்திலிருந்து தவித்துக்கொண்டிருப்பாள். ஏலக்காய் வாசத்தோடு வழக்கமான பொய்யும் வந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

"கடைக்காரம்மா இன்னைக்கு வரல" என்றார். "ஒண்ணும் ஆகல. படி ஏறித்தான் வந்தேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஏலக்காய் மென்னுட்டு வந்த முதல் வாரமே தெரியும்" என்றாள். "கடையில போய்ச் சண்டை போட்டேன். இனிமே குடுக்கவே மாட்டேன்னாங்க அவங்க. வேணாம்னுட்டேன். இங்க இல்லேன்னா நீங்க வேற கடைக்குப் போவீங்க. அங்க நான் யாருக்கிட்ட போய்ச் சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நிறுத்தியிருப்பீங்களா?"

அன்றைக்கு ஒரு நாளில் அவருக்கு இரண்டு உண்மைகளுக்கு மேல் தாங்காது.

"அதோட" என்றாள் அவள், புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒரு நாள் எதிர்ச் சாரியில நின்னு பாத்தேன். தக்காளி முழங்கை வரைக்கும் ஒழுகுது, நீங்க சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க. ஆஸ்பத்திரிக்கு அப்புறம் நீங்க அப்படிச் சிரிச்சு நான் பாக்கல. அதைப் போய் எப்படிப் பிடுங்கறது? உள்ள இருக்கறதை மட்டும் மாத்தினேன்."

லிஃப்ட்காரருக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குள் லேசாகப் புகை வாடை அடிக்கும். கேட்டால், பக்கத்து வீட்டில் ஏதோ கருக்கிவிட்டார்கள் என்பாள். பாவம், பக்கத்து வீட்டுக்காரியை எத்தனை தடவை திட்டியிருக்கிறார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் அவள் தயக்கத்தோடு. முட்டையைத் தாண்டி எதையும் வாயில் வைக்காதவள். "நான் பேக்கன் தின்னு பாத்ததில்ல. கடைக்காரம்மா சொன்ன பக்குவத்தை வச்சுத்தான் செஞ்சேன். இன்னைக்கு ரெண்டையும் தின்ன நாக்கு உங்களுது. நிஜமாவே அது மாதிரி இருந்துச்சா?"

அவர் அவளைப் பார்த்தார். இரண்டு வருஷம் யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்வி. "இரு" என்றார். "இப்பவே சொல்றேன். ரொட்டி இருக்கா?"

அவள் எழுந்தாள். ரொட்டியை ஒரு பக்கம் மட்டும் வாட்டினாள். தக்காளியை விரல் தடிமனுக்கு நறுக்கி, உப்பைச் சிட்டிகையில் கால்வாசி தூவி, தண்ணீர் விடும் வரை பொறுத்திருந்தாள். எல்லாம் தெரிந்துவைத்திருந்தாள். டப்பாவிலிருந்து பட்டைகளை எடுத்து வாணலியில் மொறுமொறுப்பாக்கி அடுக்கி, தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றாள்.

லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டு கடித்தார்.

காளான். முழுக்க முழுக்க, முதல் மெல்லலிலேயே, ஒளிவு மறைவே இல்லாமல் காளான். இதைப் பேக்கன் என்று எந்த மடையனும் நம்ப மாட்டான். அவருக்கு அதிர்ச்சியில் மெல்லவே மறந்துவிட்டது. இத்தனை சனிக்கிழமைகள் இந்த நாக்கு எங்கே போயிருந்தது? காளான் என்று சொல்லிவிட்டால் அந்த ருசி போயே போய்விடுமா? தக்காளிச் சாறு மட்டும் வழக்கம் போல மணிக்கட்டில் இறங்கி முழங்கையைத் தேடிப் போனது.

கண்ணைத் திறந்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

தக்காளி ஒழுகும் கையை நீட்டி அவள் தலைமேல் வைத்தார்.

"உன் மேல சத்தியமா" என்றார், "அப்படியே பேக்கன்."

அது அவருடைய முதல் பொய்ச் சத்தியம். கை நடுங்கவே இல்லை.

அவள் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். பிறகு நெற்றியில் இறங்கிய தக்காளிச் சாற்றைத் துடைத்துக்கொண்டு, இரண்டு நெற்றிப் பொட்டையும் விரலால் அழுத்தி, "ஏங்க" என்றாள், "தலை வலிக்கற மாதிரி இருக்கே."

அவர் சாண்ட்விச்சைத் தட்டில் வைத்துவிட்டுத் தைலம் எடுக்க ஓடினார்.